டீக்கடைக்காரருக்குப் பெயரில்லை

ஈசா டவுன், பஹ்ரைன்
4 அக்டோபர் 2024, வெள்ளி

கார்மேகம் அண்ணனுக்கு,

போனில் உங்களை பிளாக் செய்துவிட்டுக் கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பேசினால் மறுபடியும் சண்டைதான் வரும். துபாய் தேரா கடைக்கும் இங்கே மனாமா கடைக்கும் மாதம் இரண்டு மூன்று தடவை வந்துபோகும் ஜாபர் சாதிக் பாய் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அங்கே கராமா ரூமில் என் பழைய கட்டிலுக்கு அடியில் ஒரு புத்தகம் இருக்கும். ‘சுக்கான் வந்த பஸ்.’ அட்டை கிழிந்து, முதுகில் கறுப்பு டேப் ஒட்டியது. எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டது. எட்டாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது வந்ததற்குக் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை படித்துவிடுவேன். ஜனவரியில் வேலை மாறி இங்கே வந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். நாகஜோதியும் பாப்பாவும் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. பாப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். மாஃபி வரும், மாஃபி வரும் என்று சொல்லியே வைத்திருந்தேன். பூனைதான் இல்லை என்றாகிவிட்டது, நாய்க் கதையாவது கேட்கட்டும்.

மாஃபியைப் பற்றி இனிக் கேட்கப் போவதில்லை. செப்டம்பர் 22-ம் தேதி, அதை பிளேனில் இங்கே அனுப்ப ஏஜென்ட் வந்து தூக்கிப்போவதாக இருந்தது. 20-ம் தேதி கதவு திறந்திருந்தது, ஓடிவிட்டது என்றீர்கள். ஐந்து வருடம் ஓடாத பூனை சரியாக அந்த வாரம் ஓடியிருக்கிறது. “மனுசன் காலு நீட்டவே எடமில்ல, இதுல பூன ஒரு கேடா” என்று முதல் நாளிலிருந்து சொன்னவர் நீங்கள். நீங்களே விரட்டியிருப்பீர்கள் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

“பூனகூட ஒங்ககிட்ட தங்காதுண்ணே” என்று அன்றைக்குச் சொன்னேன். அதிகம்தான். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. புத்தகத்தை அனுப்பிவிடுங்கள், போதும்.

வீரபாண்டி


கராமா
13 அக்டோபர், ஞாயிறு

தம்பி வீரபாண்டிக்கு,

உன் கடிதம் வந்தது. பஹ்ரைன் போய் உன் கையெழுத்து இன்னும் கோணலாகிவிட்டது.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. இப்போது அனுப்ப முடியாது. நான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவில் பொழுது போகவில்லை என்று கையில் எடுத்தேன். உன்னைப் போல் ஒரே மூச்சில் படிக்க எனக்கு வராது. டூட்டி முடிந்து வந்து, டீ போட்டுக் குடித்துக்கொண்டே இரண்டு பக்கம், மூன்று பக்கம். இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கதையில் சிவனாண்டி என்கிற தபால்காரருக்கு மாற்றல் வருகிறது. போகிற ஊரில் நாயை வைத்துக்கொள்ள வழியில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் போகிறார். சுக்கான் நாலு நாள் சாப்பிடவில்லை. அந்த மனுசன் கடையைப் பூட்டிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பாலில் பன்னை நனைத்து நனைத்து நீட்டுகிறார். அது மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. இந்த ஆளுக்குப் பெயர் என்ன? முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன். தபால்காரருக்குப் பெயர் இருக்கிறது, நாய்க்கு இருக்கிறது. ஒரே ஒரு பக்கத்தில் வந்து விசில் அடித்துவிட்டுப் போகிற கண்டக்டருக்குக்கூடத் தங்கப்பாண்டி என்று பெயர் வைத்திருக்கிறார் எழுதியவர். டீக்கடைக்காரர் மட்டும் டீக்கடைக்காரர்.

இருபது வருடமாகப் படிக்கிறாயே, நீ கவனித்ததில்லையா?

கார்மேகம்


ஈசா டவுன்
18 அக்டோபர், வெள்ளி

அண்ணே,

கவனித்ததில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? கதை சுக்கானுடையது. டீக்கடைக்காரர் நடுவில் வருகிற ஆள். சுக்கான் சிவனாண்டியைத் தேடி பஸ் ஏறிப் போய்விடும் என்று கழுத்தில் கயிறு போட்டுக் கட்டினாரே, அதைப் படித்தீர்களா? எட்டாம் வகுப்பில் அந்த இடத்தில் பென்சிலால் அவரைத் திட்டி எழுதினேன், பிறகு ரப்பரால் அழித்தேன். இன்றைக்கும் அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. பன் கொடுத்தால் சரியாகிவிடுமா? கட்டிப்போட்டவன் கட்டிப்போட்டவன்தான்.

உங்களை நம்பாமல் போன வாரம் வாசுவுக்கு போன் போட்டேன். ஒரே ரூமில் இருக்கிறவன், பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். “டேய், ரூமுல பூன இருக்கா இல்லையா?” என்றேன். “மாஃபி” என்று சொல்லிவிட்டு, சைட்டில் போர்மேன் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான். அரபியில் ‘இல்லை’ என்கிறான், சரி, இல்லைதான் என்று விட்டுவிட்டேன்.

பூனைக்கு வாங்கிய பர்மிட் இன்னும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. முப்பது நாள்தான் செல்லும், முடியப்போகிறது. கிழிக்க மனம் வரவில்லை. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “அப்பா, மாஃபிய யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?” என்று தினமும் கேட்கிறாள். ரூமில் நாம் எடுத்த வீடியோக்களில்தான் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அதற்கே இப்படி.

படித்தது போதும். அனுப்பிவிடுங்கள்.

வீரபாண்டி


கராமா
27 அக்டோபர், ஞாயிறு

தம்பி,

புத்தகத்தை ஜாபர் சாதிக்கிடம் கொடுத்திருக்கிறேன். பேப்பரில் சுற்றி, மேலே கவரும் போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து சிவனாண்டி திரும்பி வருகிறார். டீக்கடைக்காரர் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்து, வழிக்கு இரண்டு பன்னைப் பொட்டலம் கட்டித் தருகிறார். பஸ் போய்விடுகிறது. அதற்கப்புறம் எட்டுப் பக்கம் இருக்கிறது, அந்த ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. பஸ் போன பிறகு அவர் என்ன செய்தார்? கடையைத் திறந்தாரா, வீட்டுக்குப் போனாரா? எழுதியவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

இங்கே ஒரு செய்தி. கம்பெனி இந்த ரூமைக் காலி செய்கிறது. டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து அல் கூஸ் லேபர் கேம்ப். எட்டுப் பேருக்கும் கட்டில் உண்டாம். வேறு எதற்கும் இடமில்லை.

கார்மேகம்


ஈசா டவுன்
1 நவம்பர், வெள்ளி

அண்ணே,

புத்தகம் வந்தது. படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். கதையில் மனம் போகவில்லை, வேறொன்றைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு வருடமாக ஏசி கழற்றி மாட்டும் கை உங்களுடையது. எந்த வீட்டில் பில்டர் கழுவினாலும் மூடிக்கு உள்பக்கம் தேதி போடாமல் இறங்க மாட்டீர்கள். ரூமில் கேஸ் சிலிண்டரில் தேதி, ஊறுகாய் பாட்டிலில் தேதி, என் முடிவெட்டுக்குக்கூட காலண்டரில் தேதி போட்டவர் நீங்கள். புத்தகத்தை மட்டும் விடுவீர்களா? நிறுத்திய பக்கத்தில் எல்லாம், ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டிருக்கிறீர்கள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 13-10 என்று இருக்கிறது. எனக்குக் கடிதம் எழுதிய அதே நாள். அந்தத் தேதிக்கு மேல் டீக்கறையில் ஒரு கால் தடம். நாலு விரல், நடுவில் ஒரு மெத்தை. தேதியின் மேல் படிந்திருக்கிறது அண்ணே, கீழே இல்லை. நீங்கள் தேதி போட்ட பிறகு வைத்த கால். இரண்டு பக்கம் தள்ளி, தையலில் ஒரு வெள்ளை முடி, நுனியில் ஆரஞ்சு, மாஃபியின் நிறம். கராமாவில் ஆயிரம் பூனை உண்டு. உங்கள் டீயை மிதித்துவிட்டு என் புத்தகத்தில் ஏறி நிற்கும் உரிமை ஒரே ஒரு பூனைக்குத்தான் உண்டு.

செப்டம்பர் இருபதாம் தேதி ஓடிப்போன பூனை அக்டோபர் பதின்மூன்றாம் தேதி டீ குடித்திருக்கிறது.

வாசு சொன்ன ‘மாஃபி’யும் இப்போதுதான் உறைக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை, பெயரைச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு வாட்ச்மேன் வந்து, பூனை இருக்கிறதா என்று இந்தியில் “பில்லி ஹை?” கேட்க, எட்டுப் பேரும் சேர்ந்து “மாஃபி, மாஃபி” என்று சொல்லித்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அதே வித்தையை என்னிடம் காட்டிவிட்டீர்கள்.

ஒரு குழந்தை ஒரு மாதமாக அழுகிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள்? எனக்குக் காரணம் தெரிய வேண்டும். பொய்யைச் சொன்னவர் வாயாலேயே தெரிய வேண்டும்.

வீரபாண்டி


கராமா
10 நவம்பர், ஞாயிறு

தம்பி வீரபாண்டி,

பூனை இங்கேதான் இருக்கிறது. நல்லபடியாக இருக்கிறது. முதலில் பாப்பாவிடம் அதைச் சொல்லிவிடு, பிறகு மேலே படி.

தேதி போடுகிற பழக்கம் ஒருநாள் என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். நான் என் பென்சிலால் கெட்டேன்.

காரணம் கேட்கிறாய். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் நீ கிளம்பிப் போன பிறகு அது உன் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு நாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. போனவன் போய்விட்டான், சனியனை என் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினேன். நாலாம் நாள் காலையில் டூட்டிக்குக் கிளம்பினேன், செருப்பு மாட்டினேன், போக முடியவில்லை. போர்மேனுக்கு போன் போட்டு உடம்பு சரியில்லை என்றேன். பதினெட்டு வருடத்தில் நான் போட்ட முதல் சிக் லீவு, ஒரு பூனைக்காக. அன்றைக்கு முழுவதும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு கிடந்தேன். கையில் ஒரு துண்டு மத்தி மீன். சாயங்காலம் வந்து தின்றது. விரலையும் சேர்த்துக் கடித்தது.

அதற்கப்புறம் ஆறரை மணிக்கு நான் வரும்போது, லிஃப்ட் நிற்கிற சத்தத்திலேயே தெரிந்துகொண்டு கதவுக்குப் பின்னால் வந்து உட்காரும். எட்டுப் பேர் வருகிற கதவு அது. எனக்கு மட்டும்தான் எழுந்து வரும். ஊரில் எனக்கு ஆள் இல்லாமல் இல்லை. பூவாயி இருக்கிறாள், மகன் இருக்கிறான், போனில் பேசுகிறார்கள். ஆனால் நான் கதவைத் திறக்கிறேன் என்று எந்தக் கதவுக்குப் பின்னாலும் யாரும் வந்து நின்று வெகு காலமாகிவிட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

ஏஜென்ட் வருகிறான் என்று நீ சொன்னபோது சரி என்றுதான் சொன்னேன். கூடைகூட வாங்கி வைத்தேன். 20-ம் தேதி நீ மறுபடி போன் போட்டு, “எல்லாம் ரெடியாண்ணே” என்றாய். ஓடிவிட்டது என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மாற்றத் தைரியம் வரவில்லை.

“பூனகூட ஒங்ககிட்ட தங்காது” என்று நீ சொன்னபோது அது என் மடியில் படுத்திருந்தது. அதையும் உன்னிடம் சொல்ல முடியாமல் போனை வைத்தேன்.

கேம்ப்பில் கேட்டிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். கொண்டுபோக வழியில்லை. பார்க்கிங்கில் விட்டுவிடலாம், மீன் கடைக்காரர்கள் போடுவார்கள் என்கிறான் வாசு. அதை நான் செய்ய மாட்டேன். உன் பூனை, உனக்கு வேண்டுமென்றால் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, சொல்லிவிடாதே.

குழந்தையை அழ வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் கேட்க வேண்டியதை நேரில் பார்க்கும்போது கேட்கிறேன்.

கார்மேகம்


ஈசா டவுன்
15 நவம்பர், வெள்ளி

அண்ணே,

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே மூன்று சுற்று ஓடினாள். யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள். நானே கண்டுபிடித்தேன் என்று சொன்னேன், அது உண்மைதானே.

பர்மிட் புதிதாகப் போட்டாகிவிட்டது. நவம்பர் 28, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏஜென்ட் வருவார். தடுப்பூசி அட்டையும் சிப் நம்பரும் அவரிடம் இருக்கின்றன. வேலை நாள், நீங்கள் ரூமில் இருக்க முடியாவிட்டால் வாசுவிடம் சொல்லி வையுங்கள்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், இருக்கிறது. ஆனால் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். நூற்று இருபத்தொன்றாம் பக்கம், டீக்கடைக்காரர் கயிற்றை அவிழ்க்கிற பக்கம். அதில் 17-10 என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே 18-10. அதற்குக் கீழே 19-10. இருபத்து நாலாம் தேதி வரை எட்டுத் தேதிகள், ஒரே பக்கத்தில். எட்டு நாள் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் இருபது வருடமாக அரை நிமிடத்தில் தாண்டிப்போன பக்கம் அது.

வீரபாண்டி


கராமா
28 நவம்பர், வியாழன்

தம்பி,

நான் லீவு போட்டிருக்கிறேன், இரண்டாவது சிக் லீவு. கூடையோடு இந்தக் கடிதத்தையும் ஏஜென்டிடம் கொடுக்கிறேன். எட்டரை ஆகிறது.

மத்தி மீனை முள் எடுத்து, உப்பில்லாமல் அவித்துக் கொடு. டின் மீனைத் தின்றால் வாந்தி எடுக்கும், நீ இருந்த காலத்தில் தின்றது, இப்போது ஒத்துக்கொள்ளவில்லை. இடது காதில் சொறிந்துவிட்டால் படுத்துவிடும், வலது காதைத் தொட்டால் கடிக்கும். வாக்குவம் கிளீனர் சத்தம் ஆகாது. ஏசி ஓடினால் அதற்கு நேர் கீழே போய் உட்காரும், தும்மும், அப்போதும் நகராது. பில்டரை மாதம் ஒரு தடவை கழுவு. தேதி போட்டு வை. பாப்பாவை முதல் நாளே தூக்க வேண்டாம் என்று சொல். அதுவாக வரட்டும். வராவிட்டால் தரையில் படுக்க வேண்டும், வேறு வழியில்லை.

கூடைக்குள் சத்தமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறது. காலிங் பெல் அடிக்கிறது.

கார்மேகம்


ஈசா டவுன்
6 டிசம்பர், வெள்ளி

கார்மேகம் அண்ணனுக்கு,

மாஃபி வந்து எட்டு நாளாகிறது. வந்த அன்றைக்கே வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது. நீங்கள் சொன்னபடி மத்தி அவித்து வைத்தோம். நாகஜோதி வைத்தாள், பாப்பா வைத்தாள், நான் தரையில் குப்புறப் படுத்து நீட்டினேன். எட்டு நாளில் இரண்டே இரண்டு தடவைதான் வாய் வைத்தது. என் பெட்டியிலும் மடியிலும் தூங்கிய பூனை. என்னை யாரோ என்று பார்க்கிறது. டாக்டரிடம் கொண்டுபோனேன். திங்கட்கிழமை வரை பார்க்கலாம், அதற்கப்புறம் ட்ரிப் ஏற்ற வேண்டியதுதான் என்கிறார்.

சாயங்காலம் இங்கேயும் லிஃப்ட் சத்தம் கேட்கும். அப்போது மட்டும் வெளியே வருகிறது. கதவைப் பார்த்து உட்காருகிறது. எதிர்வீட்டுக்காரர் இறங்கித் தன் வீட்டுக்குப் போய்விடுகிறார். அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுகிறது. நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணே. பூனைகூட உங்களிடம் தங்காது என்று சொன்ன வாய் இது. அந்த வார்த்தையை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று பாப்பாவுக்குச் சுக்கான் கதை படித்தேன். டீக்கடை வந்ததும், “அவரு பேரு என்னப்பா?” என்றாள். முதல் தடவை கேட்கிற பிள்ளைக்கு உடனே தோன்றிவிட்டது. கார்மேகம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் புத்தகம் முழுக்க அந்தப் பெயரையே போட்டுப் படித்தேன், நன்றாகத்தான் பொருந்துகிறது. பஸ் போனதும், “கார்மேகம் அப்புறம் என்ன பண்ணாரு?” என்று கேட்டாள். “பொஸ்தகத்துல போடலம்மா” என்றேன். “அப்ப அவருகிட்டயே கேளுங்க” என்கிறாள். கேட்கிறேன். ஏஜென்ட் போன பிறகு என்ன செய்தீர்கள்? கேம்ப்பில் ஆறரை மணிக்கு என்ன செய்கிறீர்கள்?

போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு. எந்த நாளானாலும் கூப்பிடுங்கள். பேசும்போது இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால்தான் எழுதினேன்.

ஜாபர் பாய் இன்றைக்கு துபாய் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். உங்கள் டூட்டிச் சட்டை ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள், பழையது போதும். துவைக்காமல் கொடுங்கள்.

வீரபாண்டி